கிரேக்க எழுத்து மாட்டிய வீடுகள்: அமெரிக்கக் கல்லூரிகளின் ஃப்ரெட்டர்னிட்டி பற்றி ஒரு எளிய அறிமுகம்

அமெரிக்காவின் பழைய பல்கலைக்கழக ஊர்களில் வளாகத்தை ஒட்டிய சில தெருக்களில் பெரிய பெரிய வீடுகள் நிற்கும். தூண் வைத்த முகப்பு, அகலமான வராந்தா, வாசலுக்கு மேலே இரண்டோ மூன்றோ கிரேக்க எழுத்துகள். உள்ளே குடியிருப்பவர்கள் எல்லாரும் இருபது வயதை ஒட்டிய மாணவர்கள். கல்லூரி நடத்தும் விடுதி இல்லை இது. காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் தங்கிவிடலாம் என்றும் இல்லை. நம் ஊரிலிருந்து பிள்ளையை அங்கே படிக்க அனுப்பிய பெற்றோர் பலருக்கு இந்த வீடுகளைப் பார்த்ததும் கேள்வி வரும். இவர்கள் யார்? இவ்வளவு பெரிய வீடு யாருக்குச் சொந்தம்? நம் பிள்ளை இதில் சேரலாமா?

இந்த வீடுகளுக்குப் பெயர் ஃப்ரெட்டர்னிட்டி ஹவுஸ். ஃப்ரெட்டர்னிட்டி என்பது ஆண் மாணவர்களின் சகோதர சங்கம். பெண்களுக்கு இருப்பது சொராரிட்டி. ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர்கள் பார்த்துத் தேர்ந்தெடுத்தால்தான் உள்ளே போக முடியும். சேரும்போது ஒரு ரகசியச் சடங்கு நடக்கும். ஒருமுறை சேர்ந்துவிட்டால் படிப்பு முடிந்த பிறகும், சாகும்வரை, உறுப்பினர்தான்.

சரி, இதில் புதியவர்கள் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றாகத் தெரியும், ஆனால் மூன்று தனித்தனி ஆட்கள் இதில் இருக்கிறார்கள். முதலில் தேசிய அமைப்பு. பெயர், கிரேக்க எழுத்து, சடங்கு, விதிகள் எல்லாம் அதனுடையவை. அடுத்தது அந்த அமைப்பின் அனுமதிப் பத்திரத்தை வாங்கி ஒரு குறிப்பிட்ட பல்கலைக்கழகத்தில் இயங்கும் கிளை. அதைத்தான் சாப்டர் என்கிறார்கள். அந்தந்த ஆண்டு அங்கே படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள்தான் சாப்டர். மூன்றாவது, வீட்டின் சொந்தக்காரர். பெரும்பாலும் அது அந்தச் சாப்டரின் பழைய மாணவர்கள் சேர்ந்து பதிவு செய்த ஒரு தனி நிறுவனம். மாணவர்கள் அதற்கு வாடகை கொடுத்துக் குடியிருப்பவர்கள். வீடு மாணவர்களுக்குச் சொந்தமில்லை, பல நேரங்களில் தேசிய அமைப்புக்கும் சொந்தமில்லை. இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொண்டால் ஃப்ரெட்டர்னிட்டிகளின் வரலாறு பாதி புரிந்துவிடும். நல்லது கெட்டது இரண்டுமே இந்த மூவருக்கும் நடுவில்தான் நடக்கிறது.

தொடக்கத்தில் வீடே இல்லை. 1776 டிசம்பர் 5ஆம் தேதி, வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் நகரில், வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் சிலர் ஃபை பீட்டா காப்பா என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். ‘அறிவின் மீதான அன்பே வாழ்க்கைக்கு வழிகாட்டி’ என்ற பொருள் தரும் கிரேக்க வாசகத்தின் முதலெழுத்துகள் அவை. விவாதம், கட்டுரை வாசிப்பு, ரகசியக் கைகுலுக்கல் என்று அது நடந்தது. அமெரிக்கா விடுதலைக்காகப் போராடிக்கொண்டிருந்த காலம் அது. சில ஆண்டுகளிலேயே போர் வர்ஜீனியாவுக்குள் வந்தது, கல்லூரி முடங்கியது, தாய்ச் சங்கமும் நின்றுபோனது. ஆனால் அதற்குள் அவர்கள் யேல், ஹார்வர்ட் இரண்டு இடங்களுக்கும் அனுமதிப் பத்திரம் அனுப்பியிருந்தார்கள். தாய் நின்றபோது அந்த இரண்டு கிளைகளும் பெயரைக் காப்பாற்றின. இன்று ஃபை பீட்டா காப்பா படிப்பில் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் அமைப்பாக மட்டுமே இருக்கிறது, ரகசியம் எல்லாம் போய்விட்டது. ஆனால் கிளை வைத்துப் பரவும் முறையை மற்றவர்களுக்குக் காட்டியது அதுதான்.

அடுத்த முக்கியமான ஊர் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி. அங்கே உள்ள யூனியன் கல்லூரியில் 1825ல் காப்பா ஆல்ஃபா, 1827ல் சிக்மா ஃபை, டெல்டா ஃபை என்று மூன்று சங்கங்கள் அடுத்தடுத்துப் பிறந்தன. அந்தக் காலத்துக் கல்லூரி வாழ்க்கையை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். விடியற்காலையில் தேவாலய வழிபாடு. பகல் முழுக்க லத்தீனும் கிரேக்கமும் மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும். ஒழுங்கை மீறினால் அபராதம். மாணவர்கள் தங்களுக்கென்று ஒரு சின்ன வட்டத்தை, ஆசிரியர் கண்ணில் படாத ஒரு அறையைத் தேடினார்கள். கடைகளுக்கு மேல்மாடியில் அறை எடுத்துக் கூடினார்கள். சிக்மா ஃபை 1831ல் ஹாமில்டன் கல்லூரியில் கிளை திறந்தது. அப்புறம் மற்றவர்களும் கிளை மேல் கிளையாகத் திறந்தார்கள்.

அதே யூனியன் கல்லூரியில் 1841ல் தொடங்கிய சங்கம் கை-சை. முதல் ஃப்ரெட்டர்னிட்டி வீடு என்று பரவலாகச் சொல்லப்படுவது இவர்கள் கட்டியதுதான். 1840களின் நடுவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கை-சை கிளை உருவானது. அங்கே ஆசிரியர்களின் அனுமதி இல்லாமல் எந்தச் சங்கத்திலும் சேரக்கூடாது என்று விதி. அதனால் மாணவர்கள் ஆன் ஆர்பர் ஊருக்கு வெளியே காட்டுக்குள் ஒரு மரக்குடில் கட்டினார்கள். யாரும் அதில் குடியிருக்கவில்லை, கூடிப் பேச மட்டும்தான். விஷயம் வெளியே வந்தது. 1849 இறுதியில் நிர்வாகம் சங்க உறுப்பினர்களை நீக்கியது. ஊர்க்காரர்கள் மாணவர்கள் பக்கம் நின்று கூட்டம் போட்டார்கள். அடுத்த ஆண்டே தடை தளர்ந்தது. மிச்சிகனின் வரலாற்றில் இதை ஃப்ரெட்டர்னிட்டிப் போர் என்றே எழுதுகிறார்கள்.

ஒளிந்து கூடும் மரக்குடிலிலிருந்து, ஊரே பார்க்க நிற்கும் மாளிகைக்கு இந்தச் சங்கங்கள் எப்படி வந்தன? அதைப் புரிந்துகொள்ள இத்தாக்கா ஊருக்குப் போக வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் கயூகா ஏரிக்கரையில் குன்றுமேல் இருக்கிறது கார்னெல் பல்கலைக்கழகம். 1868ல் திறக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் ஆண்ட்ரூ டிக்சன் வைட்டுக்கு மாணவர் விடுதிகள் பிடிக்காது. நூற்றுக்கணக்கான இளைஞர்களை ஒரே கட்டடத்தில் அடைத்தால் கலாட்டாதான் மிஞ்சும் என்பது அவர் மாணவராக இருந்தபோது பார்த்துத் தெரிந்துகொண்டது. ஆண்களுக்கென்று நிரந்தர விடுதிகளைக் கார்னெல் கட்டத் தொடங்கியதே 1910களில்தான். பெண்களுக்கு 1875லேயே சேஜ் கல்லூரி என்ற விடுதி வந்துவிட்டது. ஆண்கள் ஊருக்குள் அறை பிடித்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடைவெளியில்தான் ஃப்ரெட்டர்னிட்டிகள் வளர்ந்தன. வைட் அவற்றை வெளிப்படையாக ஆதரித்தார், அவரே ஒரு ஃப்ரெட்டர்னிட்டி உறுப்பினர். சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு வீடு இருந்தால் மாணவர்கள் அதைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்வார்கள், முன்பு படித்தவர்கள் வந்துபோவார்கள், அந்தக் கண்காணிப்பில் ஒழுக்கம் தானாக வரும் என்று அவர் 1887ல் ஒரு கட்டுரையே எழுதினார். அந்தக் கணக்கில் உண்மை இருக்கிறது. ஆனால் பல்கலைக்கழகம் தன் கையிலிருந்த ஒரு பெரிய பொறுப்பை, தூங்க இடமும் சாப்பாடும் பாதுகாப்பும் தருகிற பொறுப்பை, இருபது வயதுப் பையன்களுக்கும் ஊரூராகப் பிரிந்து கிடக்கும் பழைய மாணவர்களுக்கும் கைமாற்றிவிட்டது என்பதும் உண்மைதான். அதற்கு என்ன விலை என்பதைக் கார்னெலின் கை-சை வீட்டுக் கதை காட்டுகிறது. கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டிய கதை அது.

ஜான் மெக்ரா மர வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தவர். கார்னெலின் முதல் அறங்காவலர்களில் ஒருவர். அவருக்கு ஒரே மகள், ஜென்னி. பல்கலைக்கழகம் திறக்கப்பட்ட 1868ல் ஒன்பது மணிகள் கொண்ட மணித்தொகுதியை அன்பளிப்பாகக் கொடுத்தவர் ஜென்னிதான். அப்பா 1877ல் இறந்ததும் சொத்தெல்லாம் அவர் கைக்கு வந்தது. ஏரியைப் பார்த்த குன்றின்மேல் தனக்கென்று ஒரு மாளிகை கட்டச் சொன்னார். வரைந்தவர் வில்லியம் ஹென்றி மில்லர், கார்னெலின் பல கட்டடங்களை வடிவமைத்த உள்ளூர்க் கட்டடக் கலைஞர். வீடு எழும்பிக்கொண்டிருந்தபோது ஜென்னி ஐரோப்பாவில் இருந்தார். வீட்டுக்காக ஓவியங்களும் சாமான்களும் வாங்கிச் சேர்த்தார். 1880ல் பெர்லினில் வில்லர்ட் ஃபிஸ்கைத் திருமணம் செய்துகொண்டார். ஃபிஸ்க் கார்னெலின் முதல் நூலகர், ஐஸ்லாந்து மொழியில் தோய்ந்த அறிஞர். ஜென்னிக்கு ஏற்கெனவே காசநோய். 1881 செப்டம்பரில் கப்பலில் ஊர் திரும்பியவர், அந்த மாதம் முடியும் முன்பே இறந்துபோனார். தனக்காகக் கட்டிய வீட்டில் அவர் குடித்தனம் நடத்தவே இல்லை.

ஜென்னி எழுதிய உயில் சொத்தின் பெரும்பகுதியைப் பல்கலைக்கழகத்துக்கு, நூலகத்துக்காகக் கொடுத்தது. அங்கேதான் சிக்கல். முப்பது லட்சம் டாலருக்கு மேல் சொத்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று கார்னெலின் சாசனத்தில் ஒரு வரம்பு இருந்தது. அந்த வரம்பை ஏற்கெனவே தொட்டாயிற்று என்றால், புதிதாக வருவதை வாங்கிக்கொள்ளவே சட்டப்படி இடமில்லை. நிர்வாகத்தோடு மனம் கசந்திருந்த ஃபிஸ்க் வழக்குப் போட்டார். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்து அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. 1890ல் கார்னெல் தோற்றது. ஜென்னியின் பணம் கணவருக்கும் மெக்ரா உறவினர்களுக்கும் போனது. ஃபிஸ்க் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் குடியேறி, புத்தகம் சேர்ப்பதிலேயே மிச்ச வாழ்நாளைக் கழித்தார். 1904ல் இறந்தபோது தன் அரிய நூல் சேகரிப்புகளையும் சொத்தின் பெரும்பகுதியையும் கார்னெலுக்கே எழுதிவைத்திருந்தார். ஜென்னியின் விருப்பம் சுற்றி வந்து, ஓரளவு நிறைவேறியது என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆனால் மாளிகை? அது யாருக்கும் வீடாகாமல் கிடந்தது. 1890களின் நடுவில் கை-சை சங்கம் அதை வாங்கியது. கை-சை தங்கள் வீடுகளை லாட்ஜ் என்று அழைப்பார்கள், மற்றவர்கள் சாப்டர் என்று சொல்வதை ஆல்ஃபா என்பார்கள். அமெரிக்காவிலேயே மிக அழகான ஃப்ரெட்டர்னிட்டி வீடுகளில் ஒன்று கார்னெலின் கை-சை ஆல்ஃபாவுக்கு வாய்த்தது. ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய, மர வேலைப்பாடு நிறைந்த மாளிகையில் இப்போது ஒரு கூட்டம் மாணவர்கள் மாடி அறைகளில் தூங்கினார்கள்.

1906 டிசம்பர் 7ஆம் தேதி, இன்னும் விடியாத நேரத்தில் அந்த வீடு தீப்பிடித்தது. படிக்கட்டு வழியே இறங்க முடியாமல் மேல்மாடிகளில் இருந்தவர்கள் சன்னல் வழியாகக் குதித்தார்கள். நான்கு மாணவர்கள் இறந்தார்கள். தீயணைக்க வந்த ஊர்த் தன்னார்வலர்களில் மூன்று பேர், சுவர் சரிந்து விழுந்ததில் இறந்தார்கள். ஒரே இரவில் ஏழு உயிர்கள். பழைய மாணவர்கள் பணம் சேர்த்தார்கள், அதே இடத்தில் புதிய லாட்ஜ் எழுந்தது.

இந்த விபத்தை வாசிக்கும்போதெல்லாம் என் கண் நிற்பது அந்தத் தேதியில். ஏனென்றால் அதற்கு மூன்றே நாள் முன்பு, 1906 டிசம்பர் 4ஆம் தேதி, அதே இத்தாக்கா ஊரில் வேறொரு சங்கம் பிறந்தது. அதன் பெயர் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா. கறுப்பின மாணவர்கள் பட்டப்படிப்பு அளவில் தொடங்கி, பல கல்லூரிகளுக்குப் பரவி, இன்றுவரை நிலைத்திருக்கும் முதல் கிரேக்க எழுத்துச் சங்கம் அதுதான்.

கார்னெல் நிறம் பார்க்காமல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் வகுப்பறைக்கு வெளியே அவர்களுக்கு இடமில்லை. வெள்ளையர் ஃப்ரெட்டர்னிட்டிகள் அவர்களை எடுத்துக்கொள்ளாது. அந்த வீடுகளுக்குள் அவர்கள் நுழைந்தது பரிமாறும் வேலைக்குத்தான், படிப்புச் செலவுக்காகச் சிலர் அப்படி வேலை பார்த்தார்கள். 1904-05 கல்வியாண்டில் படித்த கறுப்பின மாணவர்களில் ஆறு பேர் அடுத்த ஆண்டு திரும்பி வரவில்லை. மிச்சமிருந்தவர்களை அது உலுக்கியது. சேர்ந்து படிக்கலாம், ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்ளலாம் என்று முதலில் ஒரு இலக்கிய வட்டமாகக் கூடினார்கள். பிறகு அதையே ஃப்ரெட்டர்னிட்டியாக மாற்றினார்கள். ஏழு பேர் நிறுவனர்கள். அவர்களில் ஒருவர் வெர்ட்னர் டாண்டி, நியூயார்க் மாநிலத்தில் பதிவு பெற்ற முதல் கறுப்பினக் கட்டடக் கலைஞராகப் பின்னாளில் பெயர் பெற்றவர். இன்னொருவர் யூஜின் கிங்கல் ஜோன்ஸ், நேஷனல் அர்பன் லீக் என்ற உரிமை அமைப்பைப் பல ஆண்டுகள் வழிநடத்தியவர். அவர்களுக்கு மாளிகை கிடையாது. ஊரில் இருந்த கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளில் கூடினார்கள்.

அடுத்த ஆண்டே வாஷிங்டன் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டாவது கிளை. கார்னெல் கிளைக்கு ஆல்ஃபா என்று பெயர், ஹோவர்ட் கிளைக்கு பீட்டா. பெரும்பாலான சங்கங்களில் கிளைகள் இப்படிக் கிரேக்க அகரவரிசையில் பெயர் பெறும். மார்ட்டின் லூதர் கிங் 1952ல் பாஸ்டனில் படித்தபோது ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவில் சேர்ந்தார். வாஷிங்டனில் 2011ல் திறந்த அவருடைய நினைவிடத்துக்கு முன்முயற்சி எடுத்து, நிதி திரட்டும் வேலையைத் தொடங்கியதும் இந்தச் சங்கம்தான்.

ஹோவர்டிலேயே 1908ல் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா தொடங்கியது, கறுப்பினப் பெண்களின் முதல் கிரேக்க எழுத்துச் சங்கம். திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தைத் தாத்தாவின் ஊராகச் சொல்லும் கமலா ஹாரிஸ், ஹோவர்டில் படிக்கும்போது 1986ல் சேர்ந்தது இந்தச் சொராரிட்டியில்தான். 2020, 2024 தேர்தல்களில் இளஞ்சிவப்பும் பச்சையும் உடுத்திய பெண்கள் கூட்டம் கூட்டமாக அவருக்காக நின்றதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அவை அந்தச் சங்கத்தின் நிறங்கள். கறுப்பினச் சங்கங்களின் கிளைகள் பலவற்றுக்குச் சொந்த வீடே இல்லை. வளாகத்தில் ஒரு மரத்தடியோ, சின்னத் திடலோதான் அவர்களுடைய இடமாக இருக்கும். ஆனால் படிப்பு முடித்தவர்களுக்கென்று ஊர்தோறும் தனிக் கிளைகள் உண்டு, ஐம்பது அறுபது வயதிலும் மாதக் கூட்டத்துக்குப் போகிறார்கள். வீடு இல்லாமலும் சாப்டர் உயிரோடு இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

தனியே சங்கம் தொடங்க வேண்டிய நிலை கறுப்பினத்தாருக்கு மட்டும் வரவில்லை. பல தேசிய அமைப்புகளின் விதிப் புத்தகத்திலேயே வெள்ளையர், கிறித்தவர் மட்டும்தான் சேரலாம் என்று எழுதியிருந்தார்கள். யூத மாணவர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்துக்கொண்டார்கள். 1990களில் தெற்காசிய மாணவர்களும் அப்படித் தொடங்கினார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் 1998ல் பிறந்த டெல்டா எப்சிலான் சை அவற்றில் ஒன்று. இனம் பார்க்கும் விதிகள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக உதிர்ந்தன, அதுவும் சண்டையில்லாமல் இல்லை. 1948ல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியின் ஃபை காப்பா சை கிளை ஒரு கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொள்ள முடிவு செய்தது. தேசிய அமைப்பு அனுமதிப் பத்திரத்தைப் பிடுங்கியது. மாணவர்கள் அசரவில்லை. அந்த மாணவரை விட்டுக்கொடுக்காமல், ஃபை ஆல்ஃபா சை என்று பெயரை மாற்றிக்கொண்டு உள்ளூர்ச் சங்கமாகத் தொடர்ந்தார்கள். தொடக்கத்தில் சொன்ன மூவரில் மேலே இருப்பவர் கைவிட்டபோது, நடுவில் இருப்பவர் சொந்தக் காலில் நின்ற சம்பவம் இது. இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த பக்கம்.

இனி இன்றைய நடைமுறை. பருவத் தொடக்கத்தில் ரஷ் என்று ஒன்று நடக்கும். புதிய மாணவர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பார்கள், உறுப்பினர்கள் பேசிப் பார்த்துப் பிடித்தவர்களுக்கு அழைப்புக் கொடுப்பார்கள். அழைப்பை ஏற்றவர் சில வாரங்கள் ப்ளெட்ஜ், அதாவது பயிற்சி உறுப்பினர். சங்கத்தின் வரலாறு, நிறுவனர்கள் பெயர் எல்லாம் படிக்க வேண்டும். கடைசியில் சடங்கு நடந்து முழு உறுப்பினர் ஆவார். தலைவர், பொருளாளர் எல்லாம் மாணவர்களே. வீட்டு மேலாளராக ஒரு மாணவர் இருப்பார், பழுதுபார்ப்பும் சுத்தமும் அவர் பொறுப்பு. பல வீடுகளில் சம்பளத்துக்குச் சமையல்காரர் உண்டு. பல சங்கங்களில் குறைந்தது ஓராண்டாவது வீட்டில் தங்கியே ஆக வேண்டும் என்பது விதி.

இந்த விதிக்குக் காரணம் பாசம் மட்டும் இல்லை, பணமும்தான். வீட்டுக்குச் சொந்தக்காரரான பழைய மாணவர் நிறுவனத்துக்குச் சொத்து வரி, காப்பீடு, கூரை மாற்றுகிற செலவு, வங்கிக் கடன் எல்லாம் இருக்கிறது. வருமானம் மாணவர்கள் தரும் வாடகை. முப்பது படுக்கை இருக்கிற வீட்டில் இருபது பேர்தான் இருந்தால் கணக்கு உதைக்கும். அப்போது யாரையாவது சேர்த்துப் படுக்கையை நிரப்ப வேண்டிய நெருக்கடி வரும். நல்ல சாப்டர்கள் கெட்டுப்போவதில் இந்த நெருக்கடிக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் மாணவர்கள் படைக்குப் போய்விட, பல வளாகங்களில் வீடுகள் காலியாயின. படைப் பயிற்சிக்கு வந்தவர்களைத் தங்கவைக்க அவற்றைக் கொடுத்து அந்த ஆண்டுகளைச் சமாளித்தார்கள். சில இடங்களில் வீடு பழைய மாணவர்களுடையதாகவும் அடிமனை பல்கலைக்கழகத்துடையதாகவும் இருக்கும். அங்கே குத்தகைப் பத்திரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

ப்ளெட்ஜ் காலத்தில் நடக்கும் கொடுமைக்கு ஹேசிங் என்று பெயர். நம் ராகிங்கின் உறவு, ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ராகிங் கல்லூரிக்குப் புதிதாக வருகிற எவர் மீதும் பாயும். ஹேசிங்கில் மாட்டுபவர் சங்கத்தில் சேர ஆசைப்பட்டு வந்தவர், அதனால் ‘வேண்டாம்’ என்று சொல்ல அவர் வாய் வராது. கார்னெலிலேயே 1873ல் காப்பா ஆல்ஃபாவில் சேரவிருந்த மாணவர் ஒருவரை இரவில் ஊருக்கு வெளியே கூட்டிப்போனபோது, அவர் பள்ளத்தாக்கில் விழுந்து இறந்தார். 2017ல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பீட்டா தீட்டா பை வீட்டில், பத்தொன்பது வயது மாணவர் ஒருவருக்கு அளவுக்கு மீறி மது கொடுத்தார்கள். படிக்கட்டில் விழுந்து அடிபட்டுக் கிடந்தவருக்கு மணிக்கணக்கில் யாரும் மருத்துவ உதவி கூப்பிடவில்லை. அவர் இறந்துவிட்டார். வீட்டுக் கண்காணிப்புக் கேமராவில் இருந்த பதிவுகளால் உண்மை வெளியே வந்தது. அந்தச் சாப்டரைப் பல்கலைக்கழகம் நிரந்தரமாகத் தடை செய்தது. இந்தச் சங்கங்களில் நல்லதைப் பார்க்கிறவன் நான். ஆனால் 1873க்கும் 2017க்கும் நடுவில் இத்தனை தலைமுறை கடந்தும் இது நிற்கவில்லை என்பதை எந்த நல்லதும் ஈடுகட்டாது.

தீயும் 1906ஓடு நிற்கவில்லை. 1996 மே மாதம், நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு நாளன்று, சேப்பல் ஹில்லில் ஃபை காமா டெல்டா வீடு எரிந்து ஐந்து மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் அந்த ஊர் ஃப்ரெட்டர்னிட்டி, சொராரிட்டி வீடுகள் எல்லாவற்றிலும் தீத்தெளிப்பான் பொருத்தியாக வேண்டும் என்று சட்டம் போட்டது. பழைய மர வீடு, ஒடுக்கமான மாடிப்படி, உள்ளே இளைஞர் கூட்டம். மில்லர் வரைந்த மாளிகையில் இருந்த அதே ஆபத்து தொண்ணூறு ஆண்டு கழித்தும் இருந்திருக்கிறது.

சில கல்லூரிகள் மொத்தமாகவே வேண்டாம் என்று முடிவெடுத்தன. வில்லியம்ஸ் கல்லூரி 1962ல் மாணவர்களின் தங்கலையும் சாப்பாட்டையும் ஃப்ரெட்டர்னிட்டிகளிடமிருந்து தன் கைக்கு எடுத்துக்கொள்ளத் தீர்மானித்தது. ஆம்ஹர்ஸ்ட் 1984ல் ஃப்ரெட்டர்னிட்டிகளை வளாகத்திலிருந்து ஒழித்தது, அந்த வீடுகள் கல்லூரி விடுதிகளாயின. 1948ல் தேசிய அமைப்பை எதிர்த்து நின்ற அந்த உள்ளூர்ச் சங்கமும் இதிலிருந்து தப்பவில்லை. தூண்களும் வராந்தாவும் அப்படியே இருக்கின்றன, படிக்கிறவர்கள் யார் வேண்டுமானாலும் அங்கே தங்கலாம்.

அப்படியானால் பிள்ளை சேரலாமா? ஒரு சாப்டரைப் போல இன்னொன்று இருக்காது, அதனால் பெயரை வைத்துப் பதில் சொல்ல முடியாது. ஆனால் கேட்டுப் பார்க்க வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. வீட்டின் சொந்தக்காரர் யார், அவர்களில் ஒருவராவது அதே ஊரில் இருந்து அடிக்கடி வந்து பார்க்கிறாரா என்று கேளுங்கள். அறைகளில் தீத்தெளிப்பான் உண்டா, மாடியிலிருந்து இறங்க இரண்டாவது வழி உண்டா என்று போய்ப் பாருங்கள். ஆண்டுக்கு எவ்வளவு கட்டணம், நடுவில் விலகினால் வாடகை ஒப்பந்தம் என்ன ஆகும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். 2024 டிசம்பரில் ஹேசிங்குக்கு எதிராக அமெரிக்காவில் ஒரு தேசியச் சட்டம் வந்திருக்கிறது. ஹேசிங் செய்ததாக விசாரணையில் தெரியவந்த மாணவர் அமைப்புகளின் விவரத்தை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் இணையதளத்தில் பொதுவில் வைக்க வேண்டும். அழைப்பு வந்த அன்றைக்கே, ரஷ் உற்சாகத்தில் சரி என்று சொல்வதற்கு முன்பு, பிள்ளையோடு உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்து அந்தச் சாப்டரின் பெயர் அதில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.